‘ஐ வில் கம்’ என்று சொல்லிவிட்டு வந்த கதை

போன வாரம் உங்கள் கருத்தரங்க அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, "மேடம், உங்க அனுபவத்தைப் பத்து நிமிஷம் சொல்லுங்க" என்றீர்கள். நான் இரண்டு நிமிஷம் பேசினேன். அதற்குள் உங்களில் நாலு பேர் குனிந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். தப்பில்லை, அவசர வேலை இருந்திருக்கும். "சரி, வரேன்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். மீதி எட்டு நிமிஷத்தை இப்போது எழுதித் தருகிறேன். எழுத்தில் ஒரு வசதி உண்டு. நீங்கள் குனிந்துகொண்டே படிக்கலாம், எனக்கும் வருத்தமிருக்காது.

உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். விருந்தினரின் விமானம் எந்த ஊருக்கு மேலே பறக்கிறது என்பதைக்கூடக் கையிலேயே பார்க்கிறீர்கள். காபி வேண்டுமா, டீ வேண்டுமா என்று மூன்று மாதத்துக்கு முன்பே படிவம் அனுப்பிக் கேட்டுவிடுகிறீர்கள். எங்களிடம் இருந்தது ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு பழைய வேன், அந்த வேனை ஓட்ட எத்திராஜ் அண்ணன். இந்த மூன்றில் அடம் பிடிக்காமல் வேலை செய்தது எத்திராஜ் அண்ணன் மட்டும்தான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் நான் தற்காலிக உதவியாளர். சுருக்கெழுத்து, தட்டச்சு, வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவது எல்லாம் நான்தான். அந்த நேரத்தில், வடக்கே ஒரு பெரிய நகரத்தில் நடக்க வேண்டியிருந்த உலகக் கருத்தரங்கு ஒன்று திடீரென்று எங்கள் தலையில் விழுந்தது. ஆறுகள் கடலில் சேரும் முகத்துவாரங்கள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்பதுதான் பொருள். அந்த வடக்கத்தி நகரத்தில் மண்டபம் கட்டி முடியவில்லையாம். "உங்க ஊரில் கடலும் இருக்கிறது, ஆறும் இருக்கிறது, நீங்களே நடத்திவிடுங்கள்" என்று எழுதிவிட்டார்கள். எட்டு வாரம்தான் இருந்தது.

எங்கள் நிலையத்தில் நூற்றைம்பது பேர் உட்காரும் இடம் கிடையாது. மயிலாப்பூரில் ஒரு சங்கீத சபாவின் அரங்கத்தைப் பிடித்தோம். கச்சேரிக் காலம் முடிந்து சும்மாதான் கிடந்தது. அங்கே மைக் போடுபவருக்குக் கச்சேரி மட்டும்தான் தெரியும். முதல் நாள் ஜப்பான்காரர் ஒருவர் கட்டுரை வாசிக்க எழுந்ததும், பழக்க தோஷத்தில் அவருக்கு இரண்டு பக்கமும் பக்கவாத்தியத்துக்கு மைக் வைத்துவிட்டார். பேனர் எழுதுபவர் வந்து, "இந்த என்விரான்மெண்டுன்றதுக்குத் தமிழ்ல இன்னாம்மா?" என்று கேட்டார். அப்போது அந்த வார்த்தை யாருக்கும் கைக்கு வரவில்லை. நான் போய் மூன்று பேராசிரியர்களைக் கேட்டேன். மூன்று பேரும் மூன்று வார்த்தை சொன்னார்கள், ஒருவர் வார்த்தையை இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பேனர் எழுதுபவரே ‘சுற்றுப்புறம்’ என்று எழுதிவிட்டு, "துணியில எடம் அவ்ளோதான் கீது" என்று முடித்துவைத்தார். அறிஞர்கள் முடிக்காததைத் துணி முடித்தது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்தாறு வயது. என் வேலை உத்தரவு ஆறு மாதத்துக்கு. அது சரியாகக் கருத்தரங்கு முடிகிற மாதத்தோடு முடிந்தது. என்னை நிரந்தரமாக்கலாமா, வேண்டாமா என்று எங்கள் தலைவர் மேலிடத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். "வேல நெலைச்சா இரு, இல்லேன்னா பேசாம கல்யாணத்தப் பண்ணிக்க" என்று சொல்லிவிட்டார். மூன்று ஜாதகங்கள் ஏற்கனவே எங்கள் பூஜை அலமாரியில் பொருத்தம் பார்க்கப்பட்டுத் தயாராக இருந்தன. அதில் ஒருவர் எவர்சில்வர் மொத்த வியாபாரம். ஆகவே அந்த மூன்று நாளும் எனக்கு முகத்துவாரத்தைவிட என் வேலைதான் பெரிதாகத் தெரிந்தது.

எங்கள் தலைவர் மயிலாப்பூர்க்காரர், விலங்கியலில் பெரிய படிப்பு. மைக்கைக் கண்டால் விடமாட்டார். ஐந்து நிமிஷ வரவேற்புரைக்கு எழுந்தால் ஆதிகாலத்து மீனிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் குழுவில் எல்லோருமாகச் சேர்ந்து, இந்தக் கருத்தரங்கில் அவர் தலைமை வகிக்க மட்டும் செய்யலாம், பேசக் கூடாது என்று நாசூக்காகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். அதில் அவருக்கு மனத்தாங்கல். இது பின்னால் வேலைக்கு வரும், மறந்துவிடாதீர்கள்.

முக்கிய விருந்தினர் பின்லாந்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், மார்பு வரை வெள்ளைத் தாடி. அதிகம் பேச மாட்டார். நாம் சொல்வதை மட்டும், ஒவ்வொரு வார்த்தையாக, தபால்காரர் முகவரியைப் படிக்கிற மாதிரி கவனித்துக் கேட்பார். மூன்றாம் நாள், கடைசி நாள், பதினோரு மணிக்கு அவருடைய உரை. அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். வடக்கத்தி நகரத்துக் குழுவிலிருந்து இரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்து, நாங்கள் எங்கே சறுக்குகிறோம் என்று மூன்று நாளும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் மாலை பேராசிரியர் என்னிடம் வந்தார். மறுநாள் விடிந்ததும் அடையாற்று முகத்துவாரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு ஒரே பெருமை. காலை ஆறு மணிக்கு வேனில் அவரை அழைத்துப் போய் ஆற்றின் தென்கரையில் மணல்திட்டு ஆரம்பிக்கும் இடத்தில் இறக்கினேன். திட்டத்தைத் தெளிவாக ஆங்கிலத்தில் சொன்னேன். எட்டரை மணிக்கு இதே வேன் அடையாறு விடுதியிலிருந்து மற்றவர்களை ஏற்றிக்கொண்டு மேலே ரோட்டில் வந்து நிற்கும், நீங்கள் நடந்து வந்து ஏறிக்கொள்ள வேண்டும். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கிளம்பும்போது பெரிய மனிதரிடம் சொல்லிக்கொள்ளாமல் வரலாமா? கைகூப்பி, "ஓகே சார், ஐ வில் கம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யூ வில் கம்?"

"யெஸ் சார், ஐ வில் கம், ஐ வில் கம்" என்று தலையை வேறு நன்றாக ஆட்டிவிட்டு வந்தேன்.

அவர் நோட்டில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்ததை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏதோ எழுத்துப் பிழை திருத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எத்திராஜ் அண்ணன் என்னைச் சபாவில் விட்டுவிட்டு விடுதிக்குப் போனார். ஒன்பதேகால் மணிக்கு வேன் நிறைய ஆட்களோடு திரும்பி வந்தார். இறங்கியவர்களை நான் எண்ணவில்லை. அந்த நேரத்தில் என் கவலையெல்லாம் டம்ளர். முதல் இரண்டு நாளும் காபி டம்ளர் போதாமல் வெளிநாட்டுக்காரர்கள் ஒருவர் குடித்து முடிப்பதற்காக இன்னொருவர் காத்து நின்றார்கள். அப்பா கடையிலிருந்து நூறு டம்ளர் எடுத்து வரச் சொல்லி வைத்திருந்தேன். எத்திராஜ் அண்ணன் இறங்கி வந்து, "எம்மா, அந்தத் தாடித் தொரை…" என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் பேசலாம் அண்ணே, முதல்ல தி.நகர் போயி டம்ளரைக் கொண்டாங்க" என்றேன்.

"இல்லம்மா, அவுரு…"

"அண்ணே, டம்ளர்!"

அவர் போய்விட்டார். ஒரு மனிதர் உங்களிடம் வந்து ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடிக்க விடுங்கள். முப்பத்தோரு வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான்.

பத்து மணிக்கு எங்கள் தலைவர் மேடையிலிருந்து சைகை காட்டிக் கூப்பிட்டார். ஓரமாகப் போய் நின்றேன். "ஏம்மா, பின்லாந்துக்காரர் முன்வரிசையில காணலையே. வந்துட்டாரோன்னோ?"

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் என் வாய் யோசிக்கவே இல்லை.

"வந்துக்கிட்டே இருக்காரு சார்."

"எங்க வந்துண்டிருக்கார்?"

"அடையாறு பாலம் தாண்டியிருப்பாரு சார்."

இதை நான் எங்கே கற்றேன் தெரியுமா? அப்பா கடையில். எங்கள் கடையில் எந்தப் பொருளும் ‘இல்லை’ என்று சொல்லப்படாது. சொன்னால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. வாடிக்கையாளர் குத்துவிளக்கு கேட்டு, அது கையிருப்பில் இல்லையென்றால், "சரக்கு வந்துக்கிட்டே இருக்குல்லா, உக்காருங்க, கலர் குடிங்க" என்பார். சரக்கு எங்கேயும் கிளம்பியே இருக்காது. நான் அந்தக் கடையில் வளர்ந்தவள். நூற்றைம்பது விஞ்ஞானிகள் நடுவில் நின்றுகொண்டு குத்துவிளக்கு வியாபாரம் செய்துவிட்டேன்.

தலைவர் தலையாட்டி நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே ஓடி, வேனில் வந்தவர்களில் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். அவர் உங்களோடு இல்லையா என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். விடுதிக்குப் போன் போட்டேன், அறை பூட்டியிருக்கிறது என்றார்கள். பத்து நிமிஷம் கழித்துத் தலைவர் மறுபடியும் புருவத்தைத் தூக்கினார். நான் மறுபடியும் கையை அசைத்து, வந்துகொண்டே இருக்கிறார் என்று ஜாடை காட்டினேன். பொய்யை ஜாடையில் சொன்னால் பாவம் கொஞ்சம் குறையும் என்று நினைப்பு.

பத்து இருபதுக்கு எத்திராஜ் அண்ணன் டம்ளர் மூட்டையோடு வந்தார். வாசலிலேயே மறித்துக்கொண்டேன். "அண்ணே, தாடிக்காரரு எங்க?"

"இத்தத்தானம்மா அப்பலேந்து சொல்ல வர்றேன். எட்டரைக்கு ரோட்டுல நிப்பாட்டி ஆரன் அடிச்சேன், ஆளு வர்ல. கீழ எறங்கிப் போயி கூப்ட்டேன். ‘நோ நோ, மிஸ் கமிங்’கிறாரு. சர்தான், நீ வேற கார் ஏற்பாடு பண்ணிக்கினு வர்றியாக்கும்னு வண்டிய எடுத்துக்கினு வந்துட்டேன். காலைல அவுராண்ட இன்னா சொல்லிக்கினு கெளம்பின?"

"வரேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்பினேன்."

"இங்கிலீசுலயா?"

"ஆமா."

எத்திராஜ் அண்ணன் டம்ளர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அய்ய. வரேன்னா அவங்களுக்கு வர்றதும்மா. நமக்குத்தான் போறது."

மாசி மாதம். பத்து மணிக்கே மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. நிழலுக்கு அங்கே ஒரு பனைமரம்கூடக் கிடையாது. பனி பெய்கிற ஊரிலிருந்து வந்த கிழவர் நாலரை மணி நேரமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார், நான் வருவேன் என்று. மயங்கி விழுந்திருந்தால்? தண்ணீர் எடுக்கிறேன் என்று ஆற்றில் இறங்கி, அலை உள்ளே ஏறி வந்திருந்தால்? வேலை போவது அப்புறம், அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் எந்த முகத்தோடு வாழ்வது என்று பயந்தேன்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. முதல் வழி, சத்தம் போடாமல் வேனில் ஏறிப் போய், அவரை அழைத்து வந்துவிடுவது. அரை மணி பிந்தினால்தான் என்ன? அவர் வந்து நின்றுவிட்டால் நான் சொன்ன ‘வந்துக்கிட்டே இருக்காரு’ உண்மையாகிவிடும். யாருக்கும் தெரியாது. வேலை தங்கும். அப்பாவும் ஜாதகத்தைத் தொட மாட்டார்.

அந்த வழியில்தான் இரண்டு படி இறங்கினேன். எத்திராஜ் அண்ணன் வண்டியை முடுக்கிவிட்டார். அப்போது உள்ளே கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தவரின் குரல் மைக்கில் கேட்டது. தலைவர் என்னை நம்பி மேடையில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தேன். அங்கே ஒருவர் நான் சொன்ன வார்த்தையை நம்பி மணலில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே இன்னொருவர் நான் சொன்ன வார்த்தையை நம்பி மேடையில். இரண்டு பேரையும் ஒரே வார்த்தையால் உட்கார வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்குப் பேராசிரியரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, யாரும் எழுந்திருக்காமல் தலைவர் நூற்றைம்பது பேர் முன்னால் திருதிருவென்று விழிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திரும்பி ஓடினேன். மேஜையிலிருந்த ஒரு துண்டுத்தாளில் எழுதினேன்: ‘அவர் வந்துகொண்டு இல்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியாமலே அப்படிச் சொல்லிவிட்டேன். காலையில் நான் விட்ட இடத்திலேயே இருக்கிறார். தப்பு என்னுடையது. நேரில் போய் அழைத்து வருகிறேன். பதினொன்றரை ஆகும்.’ மேடையேறித் தலைவர் கையில் கொடுத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டு தரம் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: ‘போ. பதினொன்றரை வரை நான் பேசுகிறேன்.’

அவர் முகத்தில் கோபம் இருந்தது உண்மை. ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன். நான் கதவைத் தாண்டும்போதே, வாசிக்கப்பட்ட கட்டுரை முடிந்து, ஆதிகாலத்து மீன் மைக்கில் நீந்த ஆரம்பித்துவிட்டது.

வேனில் எத்திராஜ் அண்ணன், "நீ இங்கியே இரும்மா, நான் போயி இட்டாறேன்" என்று சொல்லிப் பார்த்தார். "நீங்க கூப்பிட்டா வர மாட்டாருண்ணே. வரேன்னு சொன்னது நான்" என்றேன். அவர் கியரை மாற்றினார். அந்த வேன் அவ்வளவு வேகமாக ஓடும் என்பது அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் தெரியும்.

மணல்திட்டில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். காலுறையைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, தலையில் கைக்குட்டையை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். மூக்கு தக்காளிச் சிவப்பு. பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய சீசாக்கள் வரிசையாக நின்றன. மீன் விற்கும் அம்மா ஒருவர் காலி அலுமினியக் கிண்ணத்தோடு எதிரில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாதான் முதலில் பேசினார்.

"இந்தாளு காலைலேந்து இங்கியே குந்திக்கினு கீறாரும்மா. எங்கூட்டாண்ட நெழலுக்கு வா நைனான்னா வர மாட்டேங்கிறாரு. கஞ்சி குடுத்தேன், அத்த மட்டும் குடிச்சாரு. எதுக்கு குந்திக்கினு கீறேன்னு கேட்டா ‘மிஸ்ஸு, மிஸ்ஸு’ன்றாரு. யாரு மிஸ்ஸு, நீயா?"

"நான்தாம்மா."

"நல்லாக் கீது போ" என்றார்.

அவ்வளவு நேர்த்தியான கண்டனத்தை எந்த மேலதிகாரியும் பிறகு எனக்குத் தந்ததில்லை.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொஞ்சமும் கோபமில்லாமல், ஒரு வேலை சரியாக முடிந்த மாதிரி, "யூ ஹேவ் கம்" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பதறிப்போய், தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்த மீன்கார அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

வேனில் வரும்போது, அழுகைக்கு நடுவே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். எங்கள் ஊரில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டோம். அது நல்ல வார்த்தையில்லை. சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். போகும்போது ‘வரேன்’ என்போம். அவ்வளவுதான் அர்த்தம். காலையில் நான் உங்களிடம் விடைபெற்றேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஒரு கேள்வி கேட்டார். "அப்படியானால், நிஜமாகவே திரும்பி வருவதாக இருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

எத்திராஜ் அண்ணனிடம் தமிழில் கேட்டேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நெசமா வர்றதா இருந்தா டைம் சொல்லுவோம்னு சொல்லும்மா" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். பேராசிரியர் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

நாங்கள் சபாவுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. மேடையில் எங்கள் தலைவரின் மீனுக்கு அப்போதுதான் கால் முளைத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் வடக்கத்திக் குழுவினர் இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள், தூங்கிவிட்டதால். அரங்கம் முழுவதும், ஆபத்பாந்தவனைப் பார்ப்பதுபோல், தாடிக்காரரைப் பார்த்துக் கைதட்டியது. அவர் மேடையேறி, "என்னை மன்னியுங்கள். ஒருவர் வருவதாகச் சொன்னார், காத்திருந்தேன். அவர் வந்தார்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை என்னைப் பற்றிச் சொல்லவில்லை. நாற்பது நிமிஷத்தில் பேச வேண்டியதை இருபதில் பேசி முடித்தார். படங்களில் பாதியைக் காட்ட முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. எல்லாம் நன்மைக்கே என்று உங்களிடம் பூசி மெழுக மாட்டேன். ஒரு பெரிய மனிதரின் உரையைப் பாதியாக வெட்டியது நான்தான்.

அடுத்த வாரம் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நோட்டும் பென்சிலுமாகப் போய் நின்றேன்.

"உக்காரு. ‘ஐ வில் கம்’னு சொன்னது தப்பே இல்லை. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆத்துல எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கா. ஆனா ‘வந்துக்கிட்டே இருக்கார்’னு சொன்னியே, அது என்ன பழக்கம்?"

"கடைப் பழக்கம் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவருக்குச் சிரிப்பு வந்ததை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி, எழுதிக்கோ" என்று ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதிய பிறகுதான் புரிந்தது, என்னைப் பற்றி மேலிடத்துக்குப் போகிற குறிப்பை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார். என் தலையெழுத்தை நானே சுருக்கெழுத்தில் எழுதினேன். கடைசி வரி தமிழில் இப்படி வரும்: ‘தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் குணம் இவரிடம் உண்டு, இருபது நிமிடம் தாமதமாக வெளிப்படுகிறது, பயிற்சியில் சரியாகும்.’ அந்த வரியைத் தட்டச்சு செய்யும்போது மூன்று தாள் பாழாயிற்று. வேலை நிலைத்தது. எவர்சில்வர் மொத்த வியாபாரி வேறு இடத்தில் பெண் எடுத்து சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

பேராசிரியரை மீனம்பாக்கத்தில் வழியனுப்பப் போனோம். உள்ளே போகுமுன் கைகூப்பி, யாரும் எதிர்பார்க்காத அழகான தமிழில், "வரேன்" என்றார். நான் "வாங்க சார்" என்றேன். எத்திராஜ் அண்ணன் மட்டும், "டைம் சொல்லலியே" என்று முணுமுணுத்தார். அதன்பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் பனி மூடிய ஏரிப் படம் போட்ட ஒரு வாழ்த்து அட்டை வரும். கீழே கோணல்மாணலாகத் தமிழில் அந்த ஒரே வார்த்தை. பல வருஷம் வந்தது. ஒரு ஜனவரியில் வரவில்லை. அந்த மாதம் முழுவதும் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். அவர் நாலரை மணி நேரம் காத்திருந்தாரே, நான் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாதா? பிறகு செய்தி தெரிந்து உட்கார்ந்து அழுதேன்.

உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு ஆசையில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் இருந்த அரை மணி நேரத்தில், "ஆன் த வே சார்", "டூ மினிட்ஸ் மேடம்" என்று நீங்கள் போனில் சொன்னதை எண்ணினேன். பதினாறு. அதில் எத்தனை பாலம் தாண்டியது என்று உங்களுக்கே தெரியும். நம்மை நம்பி எங்கேயோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். நம் வேலையில் அதை மட்டும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் உட்கார்ந்து எழுத வைத்தது நீங்கள் போர்த்திய சால்வை இல்லை. நேற்று உங்கள் வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் எனக்குப் போன் செய்தாள். வடக்கிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம், தமிழ் இப்போதுதான் படிக்கிறாள். ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து, "மேடம், அன்று நீங்கள் வரேன் என்று சொன்னீர்கள். உங்கள் காபியை மூடி வைத்து ஆறு மணி வரை இருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள்.

முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, அதே தப்பை அதே மாதிரி செய்திருக்கிறேன். தலைவர் எழுதிய அந்தப் பயிற்சி இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

ஆகவே, அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்லுங்கள். திங்கட்கிழமை, காலை பத்து மணி. வரேன்.